பராக்குப் பார்த்தவன் வழக்கு

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், "கஷ்டமான வார்த்தை வந்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். கஷ்டமான வார்த்தை என்னை ஒருநாளும் கஷ்டப்படுத்தியதில்லை. அது வந்தவுடனே மனசு உஷாராகிவிடும். ஆளைக் கவிழ்க்கிறது லேசான வார்த்தைதான். வாய் திறந்து பேசத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த ஒரு வார்த்தை, ஒரு மனுஷனை ஜெயில் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்கிறேன். என் பொறாமையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம், முப்பதுகளின் நடுவில் ஒரு சாரல் பருவம். நான் தென்காசிக் கச்சேரியில், அதாவது கோர்ட்டில், துபாஷி. சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு இங்கிலீஷிலும், துரை கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்கிற வேலை. ஆடி மாதக் காற்று மலையாளத்துப் பக்கமிருந்து வீச ஆரம்பித்ததும் துரைமார்கள் குற்றாலத்தில் வந்து முகாம் போடுவார்கள். கச்சேரியும் அவர்களோடு பங்களா வராந்தாவுக்கு வந்துவிடும். பேரருவி இரைகிற இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

அந்த வருஷம் வந்த துரைக்கு வயசு குறைவு. வரும்போதே தனக்கென்று ஒரு துபாஷியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதராஸ் பட்டணத்து ஆள், பி.ஏ. படித்தவர். என்னை நீக்கவில்லை, பக்கத்து மேஜையில் உட்கார வைத்து, சாட்சிகள் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்தவனை எழுதுகிறவனாக ஆக்கினால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பட்டணத்துக்காரர் கறுப்புக் கோட்டும் தங்க பிரேம் போட்ட கண்ணாடியுமாக வருவார். துரைக்கு வலப்பக்கம் நிற்பார். அவர் இங்கிலீஷ் பேசினால் துரை தலையைத் தூக்கிப் பார்ப்பார். நான் பேசிய காலத்தில் துரைமார்கள் கையைக் காதுக்கு அணைத்துக்கொள்வார்கள். இடைவேளையில் பட்லர் அவருக்குப் பீங்கான் கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுப்பான். எனக்குக் கிணற்றடியில் தண்ணீர் இருந்தது. வீட்டுக்கு வந்தால் என் பெண்சாதியே, "புதுசா வந்திருக்கவரு இங்கிலீஷ் பேசுனா அருவி விழுந்த மாதிரி இருக்குமாமே, மேலத்தெருவுல சொல்லுதாவ" என்பாள். அன்றைக்குச் சோறு இறங்காது. படுத்தால் அவருடைய கோட்டுப் பொத்தான்கள் கண்ணுக்கு முன்னால் மின்னும்.

ஆனால் அவருக்கு எங்கள் பக்கத்துத் தமிழ் தெரியாது. அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். குளத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி நான் அவருடைய தப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மீன் சீக்கிரமே வந்தது. ஒரு வரப்புத் தகராறில் கிழவி ஒருத்தி, "எங்க மாமா வந்தாவ, பார்த்தாவ, போயிட்டாவ" என்றாள். மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. பட்டணத்துக்காரர் அதைப் பன்மையாக்கி, ஒரு மாமாவை ஒரு கூட்டமாக ஆக்கிவிட்டார். நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திருத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா ஒருத்தரா ஏழு பேரா என்பதால் அந்த வழக்கில் ஒன்றும் மாறப்போவதில்லை. அது எனக்கும் தெரியும். ருசிக்காகத்தான் செய்தேன். துரை சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சகாவின் மேல் பொறாமை இருந்தால் அதை வெளியே வைத்துவிட்டு வா. இனி நான் கேட்காமல் எழுந்திருக்காதே" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பட்டணத்துக்காரர் அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

ஒரு வாரம் போயிருக்கும். சுடலைமுத்து வழக்கு வந்தது.

சுடலைமுத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். முப்பது வயசிருக்கும், கை இரண்டும் உலக்கை மாதிரி. அவன் பெண்சாதி பேச்சி, பெண்கள் குளிக்கிற பக்கம் சீயக்காய்த்தூள் விற்பாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பண்ணையார் ஒருத்தர் குளிக்க வந்திருக்கிறார். அவன் கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தங்கக் கடிகாரச் சங்கிலியைத் துண்டில் முடிந்து பாறை மேல் வைத்து, "பார்த்துக்கோலே" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போனார். திரும்பி வந்தால் துண்டு இருக்கிறது, சங்கிலி இல்லை. சுடலைமுத்து பக்கத்திலேயே நிற்கிறான். அவனைச் சோதித்தார்கள், குடிசையைச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் போலீஸ் தரப்பில் ஒரு கதை கட்டினார்கள்: எடுத்தது வேறு ஆள், யாரும் வருகிறார்களா என்று காவல் நின்று எடுக்கவிட்டது இவன். எடுத்த ஆளை இவன்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

வக்கீல் வைக்க அவனுக்கு வசதி இல்லை. பண்ணையார் சாட்சி சொல்லி முடித்தார். துரை சுடலைமுத்துவைப் பார்த்து, சங்கிலி போன நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். பட்டணத்துக்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

சுடலைமுத்து கும்பிட்டபடி சொன்னான்: "பராக்குப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன் எசமான். தப்புத்தான்."

பட்டணத்துக்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். கண் என் பக்கம் வந்தது. உடனே திரும்பிக்கொண்டு, துரையிடம் இங்கிலீஷில், "யாரும் வருகிறார்களா என்று காவல் பார்த்து நின்றேன், அது குற்றம்தான்" என்று பொருள்படச் சொன்னார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துரை குனிந்து எழுதத் தொடங்கினார்.

இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தப்பை என் காது பிடித்ததற்குக் காரணம் நீதியும் இல்லை, இரக்கமும் இல்லை. அவர் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லையும் நான் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிநேகிதனாக இருந்திருந்தால் குனிந்து எழுதிக்கொண்டே போயிருப்பேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். மாட்டினான் என்று ஒரு சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் கூண்டில் நிற்கிறவன் முகம் தெரிந்தது. அவன் இன்னும் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தான். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

என்ன செய்வது? எழுந்தால், கேட்காமல் எழுந்திருக்காதே என்று சொன்ன துரை. அந்த மாமா விஷயத்தில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பை நானே செலவழித்துவிட்டேன். இனி நான் சரியாகச் சொன்னாலும் அது பொறாமைக்காரன் பேச்சுத்தான். எழாவிட்டால், துரை எழுதுகிற அந்த வரியின் ஈரம் காய்வதற்குள் அவன் கதை முடிந்தது.

முதலில் பட்டணத்துக்காரர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "ஓய், அந்த வார்த்தையை இன்னொரு தடவை அவன்கிட்டக் கேளும். நீரே திருத்திக்கிட்ட மாதிரி இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே, "உமக்கு வயிற்றெரிச்சல் ஓய்" என்றார்.

எழுந்து நின்றேன்.

துரை தலை தூக்கினார். "நான் உன்னைக் கேட்டேனா?"

"இல்லை. கேட்காமல்தான் எழுந்தேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அதற்கு முன்னால், இப்போது எழுதிய வரியை நிறுத்தி வையுங்கள். அவன் காவல் நின்றேன் என்று சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாகச் சொன்னான்."

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டணத்துக்காரரிடம் காரணம் கேட்டார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. கையில் காரணம் வைத்திருந்தார். "சிப்பாய் காவல் நிற்பதைப் பாரா என்கிறோம். ராஜா வரும்போதும், சுவாமி புறப்பாட்டிலும் கட்டியக்காரன் 'பராக், பராக்' என்று கூவுகிறான். கவனம், கவனம் என்று அர்த்தம். ஆகவே பராக்குப் பார்ப்பது என்றால் கவனமாகக் காவல் பார்ப்பது." துரைக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கே கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வேர் பிடித்துப் பேசுகிறவர்களிடம் இதுதான் ஆபத்து.

"உன் பதில் என்ன?" என்றார் துரை.

"கட்டியக்காரன் கூவுவது எந்தப் பாஷையில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பராக்கு என்றால் கவனம் இல்லை. கவனம் தப்பிப் போவது. சோறு உண்ணாத பிள்ளைக்குக் காக்காயைக் காட்டி வாயில் ஊட்டுவார்கள், அது பராக்குக் காட்டுவது. பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியே பார்க்கிறவன் பராக்குப் பார்க்கிறான்."

"அப்படியென்றால் வேடிக்கை பார்ப்பதுதானே?" துரைக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

"இல்லை. சும்மா இருக்கிறவன் வேடிக்கை பார்க்கலாம். பராக்குப் பார்க்க ஒருவனுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்க வேண்டும். வேலை இங்கே இருக்க, கண் அங்கே போவதுதான் பராக்கு. அதனால்தான் அவன் தப்பு என்கிறான்."

துரை பேனாவால் மேஜையைத் தட்டினார். "ஒரே சத்தம் கவனம் என்றும் ஆகும், கவனமில்லை என்றும் ஆகும் என்கிறீர்கள். உங்களில் ஒருத்தர் பொய் சொல்லுகிறார். உனக்கு அவர் மேல் பகை இருக்கிறது. உன்னை எப்படி நம்புவது?"

இதுதான் அந்த நாளின் கண்டம். நான் இன்னும் பத்து உதாரணம் சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்ல என் மேல் சந்தேகம்தான் கூடியிருக்கும். பகையாளி கொண்டுவருகிற சாட்சி எதுவும் நிற்காது. சட்டென்று முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பண்ணையார் கண்ணில் பட்டார். அவனை உள்ளே தள்ள வேண்டும் என்று வந்திருக்கிறவர் அவர். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. இவ்வளவு நேரம் நாங்கள் எதற்காக மல்லுக்கட்டுகிறோம் என்பதும் தெரியாது.

"என்னை நம்ப வேண்டாம். பிராது கொடுத்தவரைக் கேளுங்கள். அருவியிலிருந்து வந்து சங்கிலியைக் காணாதபோது இவனை என்ன சொல்லித் திட்டினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்க மாட்டேன். அவரே கேட்கட்டும்" என்று பட்டணத்துக்காரரைக் காட்டினேன்.

அவர் கேட்டார். நல்ல மனசோடு கேட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்த்தையை மாற்றாமல் கேட்டார்.

பண்ணையாருக்கு அன்றைய கோபம் திரும்ப வந்துவிட்டது. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுடலைமுத்துவைப் பார்த்தே கத்தினார்: "என்னத்தைச் சொல்லித் திட்டுவாவ? 'செத்த மூதி, உன்னையப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டுப் போனா எங்கலே பராக்குப் பார்த்துக்கிட்டு நின்னே'ன்னு கேட்டேன். செவிட்டுல ஒண்ணு விட்டேன். இப்பவும் விடுவேன்."

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. பட்டணத்துக்காரர் சிரிக்கவில்லை. துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனமாகக் காவல் நின்றாய் என்று ஒருத்தனை யாராவது கன்னத்தில் அறைவார்களா? பண்ணையார் சொன்னதை அவர் இங்கிலீஷில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். துரை தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, என்னைத் தன் வலப்பக்கம் வந்து நிற்கச் சொன்னார். பட்டணத்துக்காரர் என் மேஜைக்குப் போனார்.

அந்த நாலு எட்டு நடந்ததில் எனக்கு இருந்த பெருமையை என்னென்று சொல்வேன். ஆனால் அங்கே போய் நிற்பதற்குள் துரை அடுத்த கேள்வியைப் போட்டார்.

"கண் வேறு எங்கோ போனது என்றாய். எங்கே போனது? அவனைக் கேள்."

கேட்டேன். சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"சும்மா பார்த்தேன் எசமான்."

"சும்மான்னா எதைலே பார்த்தே?"

இன்ஸ்பெக்டர் எழுந்து, "பராக்குப் பார்த்தேன் என்பது இப்போது ஜோடித்த கதை. பார்த்ததாக இருந்தால் எதை என்று சொல்லட்டுமே" என்றார். துரை தலையசைத்தார். என் திருத்தம் அவனை ஒரு குழியிலிருந்து தூக்கி அடுத்த குழியில் போட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுடலைமுத்து கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான். மெல்லிய குரலில், "ஐயா, ஒங்க காதுல மட்டும் சொல்லுதேன். தொரைகிட்டச் சொல்லிராதீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சா போதும், நீங்களா ஏதாவது சொல்லிக் காப்பாத்துங்க" என்றான்.

பிள்ளைகளே, இந்த இடம் உங்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும். பாவப்பட்ட மனுஷன் உங்களை நம்பிக் காதில் சொல்ல வருவான். கேட்டுக்கொண்டால் நீங்கள் நல்லவர் மாதிரி இருக்கும். கேட்டுவிட்டு மறைத்தால் கோர்ட்டுக்குத் துரோகம். வெளியே சொன்னால் அவனுக்குத் துரோகம்.

நான் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தேன். "வேண்டாம்லே. என் காதுல விழுந்ததெல்லாம் துரை காதுக்குப் போயிரும். எனக்குன்னு தனிக் காது இங்கன கிடையாது. சொல்லணும்னா சத்தமாச் சொல்லு. சொல்ல முடியலன்னா வாயை மூடிக்கோ. என்கிட்ட மட்டும் சொல்லாத" என்றேன். இதையும் துரைக்கு அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். துரை பேனாவை எடுத்தார்.

"அவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்லுதேன்."

வராந்தாவுக்குக் கீழே, சாரலில் நனைந்துகொண்டு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல். பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி வந்தாள். சுடலைமுத்து, "ஏட்டி, போட்டி அங்கிட்டு! இங்கன வராத!" என்று அலறினான். டவாலிச் சேவகன் அவளைத் தடுக்கப் போனான். துரை விடச் சொன்னார். அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தேன்.

"இவரு பார்த்தது என்னையத்தான்" என்றாள். குரலில் அழுகை இல்லை; கோபம்தான் இருந்தது. "அன்னைக்கு மட்டும் இல்ல. என்னைக்கும் என்னையத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாரு. நான் யாருகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசுனா கையில எண்ணெய்க் கிண்ணம் இருக்கதும் தெரியாது, காலுக்குக் கீழ பாறை இருக்கதும் தெரியாது. அன்னைக்குச் செங்கோட்டையில இருந்து மங்குஸ்தான் பழம் கொண்டாற ஆளு ஏதோ சொன்னாரு. நான் சிரிச்சேன். சிரிப்பு வந்தா சிரிக்காம என்ன செய்ய? இவரு அங்கன நின்னு முறைச்சுக்கிட்டே இருந்தாரு. அந்நேரம் யாரு வந்தா, யாரு எடுத்தா, இவருக்கு என்ன தெரியும்? யானை வந்து எடுத்திருந்தாலும் தெரியாது."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருப்பது தெரியாமல் இன்னொருத்தர் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்பது எனக்கு அந்நியமில்லை.

இன்ஸ்பெக்டர், "புருஷனைக் காப்பாற்றப் பெண்சாதி எதையும் சொல்லுவாள்" என்றார். துரை உடனே பழக்காரனை அழைத்து வரச் சொன்னார். கடைத்தெருவில்தான் இருந்தான், பேச்சி சொன்னது எதுவும் அவன் காதுக்கு எட்டியிருக்காது. பயந்துகொண்டு வந்தான். பண்ணையார் சங்கிலி தொலைந்த அன்று நீ என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்கச் சொன்னார் துரை.

"சங்கிலியை நான் கண்டதில்லை எசமானே. நான் கண்டது இந்த ஆளைத்தான்" என்று சுடலைமுத்துவைக் காட்டினான். "சீயக்காய்க்கார அம்மாகிட்ட ஒரு தமாஷ் சொன்னேன். இந்த ஆளு அங்கேயிருந்து என்னை ஒரு நோட்டம் நோக்கினாரு. கொன்னுபோடுவாரோன்னு பேடிச்சுக் கூடையைத் தூக்கித் தலையில வச்சேன். அந்நேரத்துக்குத்தான் பண்ணையார் சங்கிலி போச்சுன்னு கூவினாரு."

துரை அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. காவல் நிற்கிறவன் வழியைப் பார்ப்பான்; இவன் பெண்சாதியைப் பார்த்திருக்கிறான் என்று சொல்லி விடுதலை செய்தார். சங்கிலி கடைசி வரை கிடைக்கவில்லை. எடுத்தவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது.

கூண்டை விட்டு இறங்கிய சுடலைமுத்துவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊர் பூராவும் தெரிந்துபோயிற்றே. பேச்சி பக்கத்தில் வந்து, "முன்னால நட" என்றாள். "திரும்பிப் பார்க்காம நட. நான் வருதேனா இல்லையான்னு பார்க்கப்படாது. பார்த்தேன்னா இப்படியே எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்."

அவன் நடந்தான். கழுத்து விறைத்துப் போயிருந்தது. சத்திரத்து முனை திரும்புகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் திரும்பவில்லை. அவளும் அவன் பின்னாலேயே போனாள்.

பொழுது சாய நானும் பட்டணத்துக்காரரும் ஒரே குதிரை வண்டியில் தென்காசிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு வேறு வண்டி இல்லை. இலஞ்சித் தோப்புகள் தாண்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பொறாமையிலேதானே ஓய் எழுந்தீர்?"

"ஆமா. பொறாமையிலதான் காதுல விழுந்துது. பொறாமையிலதான் எழுந்தேன். ஆனா சொன்னது சரி."

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "எனக்கு அந்த வார்த்தை தெரியாதுங்கறது அந்த நிமிஷமே தெரியும்" என்றார். "உம்மைத் திரும்பிப் பார்த்தேன். ஓய், இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். உம்ம மூஞ்சியைப் பார்த்ததும் கேக்க மனசு வரலை. நான் எப்போ விழுவேன்னு உட்கார்ந்திருக்கீர். உம்மகிட்டக் கேக்கறதைவிட வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போகலாம்னு தோணித்து. வந்த நாளிலேருந்தே எனக்கு உம்ம மேலே அப்படித்தான். உமக்கு இந்த ஜனங்க பேசறது அத்தனையும் புரியறது. நான் கோட்டுப் போட்டுண்டு ஊமை மாதிரி நிக்கறேன்."

என் பேரில் ஒருத்தர் பொறாமைப்பட முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது சந்தோஷமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருடைய வயிற்றெரிச்சலுக்கு நடுவில் எண்ணெய் தேய்க்கிற ஒருத்தன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் முதல் நான் மேஜையிலும் அவர் வலப்பக்கத்திலுமாகப் பழையபடி இருந்தோம். துரைக்கு அவர் இங்கிலீஷ்தான் பிடித்திருந்தது. பட்டணத்துக்காரருக்குச் சந்தேகம் வந்தால் என் பக்கம் பார்ப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார், பார்ப்பார். நான் அர்த்தத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நகர்த்துவேன். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் ஓட்டினோம்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மதராஸுக்கே பெரிய உத்தியோகம் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். மாலையும் போட்டேன். எனக்கு வராத உத்தியோகம். மாலை போட்ட கைதான் வாழ்த்தியது, வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஓய், அங்கே சந்தேகம் வந்தா நான் யார் மூஞ்சியைப் பார்ப்பேன்?" என்றார்.

"யாரையாவது வாயைத் திறந்து கேளும்" என்றேன்.

"நீர் கேப்பீரா?"

ரயில் ஊதிவிட்டது. என் சர்வீஸ் முடிகிற வரைக்கும் எந்தச் சகாவிடமும் நான் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதில்லை. எத்தனை இடத்தில் தப்பாகச் சொன்னேனோ, அதனால் எத்தனை பேரை மாட்டிவிட்டேனோ.

நீங்கள் கேளுங்கள். பிடிக்காதவனிடம் முதலில் கேளுங்கள். அவன்தான் உங்கள் வார்த்தையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.